அண்ணன் பேரில் ஒரு பாட்டில்

1

புளித்த வாடை. விதைநெல்லைச் சாக்கில் கட்டி ஊறப்போட்டு, எடுத்து, வைக்கோல் மூடி வைத்த மறுநாள் காலை, முளை எட்டிப் பார்க்கிறதா என்று மூட்டையின் வாயை அவிழ்த்தால் முகத்தில் வந்து மோதுமே, அந்த வாடை. வெதுவெதுப்பாக, உள்ளே ஏதோ மூச்சு விடுவதுபோல. நேற்று மாலை ஹாம்பர்க் நகரத்தில், நான்காவது மாடிச் சமையலறையில், கிளாஸில் இருந்த வைனைத் தொட்டியில் கொட்டினேன். அதுதான் எழுந்தது. கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தைந்து வருடம். வைன் இதுவரை ஒரு நாளும் இப்படி மணந்ததில்லை.

"ஏன் கொட்டுற?" என்றார் என் கணவர் இளங்கோ. கதவோரம் நின்று என்னைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தார். "மூடி வச்சா நாளைக்கு ஆகும்ல?"

"ஆகாது."

குழாயைத் திறந்தேன். சிவப்பு வெளுத்து ஓடியது. வாடை ஓடவில்லை.

அதற்குச் சற்று முன்புதான் ஊரிலிருந்து அண்ணி பேசிவிட்டு வைத்திருந்தார். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அண்ணன் நெல் விவசாயம். எங்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்காகப் போன மாதம் இங்கே வந்து, எங்களோடு ஒரு கப்பல் பயணம் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார்.

"மாலதி, அவுங்க கப்பல்ல எப்படி இருந்தாங்க?"

"நல்லாத்தான் இருந்தாங்க அண்ணி."

"நல்லாத்தான்னா?"

"நல்லா சாப்பிட்டாங்க. ஊரெல்லாம் பாத்தாங்க."

"நான் அதக் கேக்கல." பின்னால் எங்கோ டிராக்டர் போனது. "வந்து பத்து நாளாச்சு. இன்னும் கோயில் பக்கம் போகல. கேட்டா, போவோம் போவோம்ங்கிறாங்க. சாயங்காலமானா வண்டிய எடுத்துடுறாங்க. மோட்டார் கொட்டாய்க்குப் போறேங்கிறாங்க. ஆத்துல தண்ணி போகும்போது மோட்டாருக்கு என்ன வேலை மாலதி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

கோயில் என்று அண்ணி சொன்னது ஊர் எல்லையில் இருக்கும் முனீஸ்வரனை. குடியை நிறுத்த வேண்டும் என்றால் எங்கள் பக்கத்தில் அங்கேதான் கூட்டிப்போவார்கள். பூசாரி சூடம் ஏற்றுவார். குடிக்க மாட்டேன் என்று அதன்மேல் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டுவார். ஆனால் ஆயுளுக்கும் என்று யாரும் கட்டிக்கொள்வதில்லை. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று கெடு சொல்லித்தான் கட்டுவார்கள். கெடு முடிவதற்குள் திரும்பப் போய் அடுத்த கெடுவுக்குக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டாதவர்கள், கெடு முடிந்த அன்றே நெடுஞ்சாலையோரக் கடை வாசலில் நிற்பார்கள். ஊரே பார்த்துச் சிரிக்கும். "சாமியே லீவு கொடுத்துருச்சுடா" என்பார்கள்.

அண்ணன் மூன்று வருடக் கெடுவுக்குக் கட்டியிருந்தார். கட்டும்போது வயிறு வீங்கி, கண் மஞ்சள் பாரித்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. "ஈரல்ல பாதி போயிடுச்சு. இனிமே தொட்டா, என்கிட்ட கொண்டுவராதீங்க" என்று டாக்டர் அண்ணியிடம் சொல்லியிருந்தார். கயிறுதான் அவரை மூன்று வருடம் உயிரோடு வைத்திருந்தது. அந்தக் கெடு முடிந்த நாள், அவர் எங்களோடு கப்பலில் இருந்தார்.

நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகை ஊரில் எங்கள் வீட்டுக்கு வரும். அண்ணிதான் முதலில் பிரிப்பார். நான் எழுதியிருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் படிப்பார். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

2

கப்பலில் வைன் குடிப்பது காசைக் கடலில் கொட்டுகிற காரியம். கரையில் ஒரு பாட்டில் வாங்கும் விலைக்கு அங்கே ஒரு கிளாஸ்தான் தருவார்கள். இளங்கோ இதைப் பொறுக்கமாட்டாதவர். பொறியாளர். மன்னார்குடிப் பக்கத்துக்காரர். கடைமடை ஊரில் பிறந்தவர்கள் எதையும் சிந்தவிடமாட்டார்கள். எங்கள் வயலைத் தாண்டி, எத்தனையோ மதகு தாண்டி, மிச்சமாக வந்த தண்ணீரில் வளர்ந்தவர்.

அவர் ஒரு மாதம் முன்பே ஆராய ஆரம்பித்துவிட்டார். மொத்தமாகப் பணம் கட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்றொரு திட்டம் உண்டு. ஓர் அறையில் ஒருவர் கட்டினால் அறையிலிருக்கும் பெரியவர்கள் அத்தனை பேரும் கட்டியாக வேண்டும். அது வேண்டாம். கிளாஸ் கிளாஸாக வாங்குவது முட்டாள்தனம். பாட்டிலாக வாங்கினால், மிச்சத்தைத் தக்கை போட்டு மூடி, அறை எண் எழுதி எடுத்து வைத்து, மறுநாள் மேசைக்குக் கொண்டுவருவார்கள். நார்வேயில் கரையிறங்கி வாங்கவே கூடாது, அங்கே வரி மனிதனைத் தின்றுவிடும். இதையெல்லாம்விட மேலானது ஒன்று: கப்பல் ஏறும்போது பெரியவர் ஒவ்வொருவரும் கைப்பையில் ஒரு பாட்டில் கொண்டுபோகலாம். அறையில் குடித்தால் காசில்லை. மேசையில் திறந்தால் ஒரு சிறு கட்டணம்.

"நமக்கு ரெண்டு. யாழினிக்குப் பத்தொன்பது ஆயிடுச்சு, அவ பேர்ல ஒண்ணு" என்றார், எங்கள் மகளையும் கணக்கில் சேர்த்து. விரல் அடுத்த விரலுக்கு நகர்ந்தது. "மச்சான் பேர்ல ஒண்ணு."

"அண்ணன் பேர்லயா?"

"அவர் குடிக்கப் போறாரா என்ன? அவர் பங்கு சும்மா போகுதுல்ல."

முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் ஒருவன் மடை திறக்காவிட்டால் அடுத்த வயல்காரன் திறந்துகொள்வான். அது திருட்டில்லை, வீணாக்காமை. அந்த நியாயத்தில் நானும் தலையாட்டினேன். மோசல் ஆற்றங்கரைத் திராட்சை, மலிவுக் கடையில் வாங்கியது. நல்ல சிவப்பு.

அண்ணனுக்கு விசா கிடைத்ததே ஒரு கதை. வருமானச் சான்றுக்கு அடங்கலும் சிட்டாவும் கொண்டுபோயிருக்கிறார். அதில் வருவாய்த்துறையின் பசலி ஆண்டு, ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் என்று போட்டிருக்கும். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "இது அறுநூறு வருஷம் பழைய கணக்கா இருக்கே" என்று கேட்டிருக்கிறார். "ஆமாங்க. நாங்க இன்னும் அங்கதான் இருக்கோம்" என்று அண்ணன் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். போனில் இதைச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவரை வரவழைக்க வேண்டும் என்று தோன்றியது எனக்கு.

அண்ணி வரவில்லை. குறுவை பால் பிடித்திருந்தது. யாராவது வயலைப் பார்க்க வேண்டும். கிளம்பும் அன்று என்னிடம் போனில் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஆவணி ரெண்டாம் ஞாயிறோட கெடு முடியுது மாலதி. அதுக்குள்ள அனுப்பிடுவேல்ல?"

"அனுப்பிடுறேன் அண்ணி" என்றேன். டிக்கெட் அதற்குப் பிந்திய தேதிக்கு எடுத்தாகிவிட்டது அப்போதே. நாள்காட்டியை நான் பார்க்கவில்லை.

3

கீல் துறைமுகத்தில் ஏறினோம். பாட்டில் ஒவ்வொன்றிலும் அவரவர் அறை எண் எழுதிய சீட்டை ஒட்டிக் கொடுத்தார்கள். அண்ணன் தன் பாட்டிலைக் குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"மாப்ள, இது என்னை ஒண்ணும் பண்ணாதுல்ல?"

"அது பாட்டுக்கு இருக்கும் மச்சான். நீங்க பாட்டுக்கு இருங்க."

அண்ணனுக்கு உள் அறை. மலிவு என்பதால் எடுத்தது. சன்னல் இல்லை. ஆனால் சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரைச்சீலை தொங்கியது. அண்ணன் போய் அதை விலக்கினார். சுவர். திரும்பி என்னைப் பார்த்தார். "குதிருக்குள்ள படுத்த மாதிரி இருக்கும் போலருக்கே பாப்பா" என்று சிரித்தார். விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாத அறை அது. நான் மட்டும் அந்தத் திரையை மறுபடி இழுத்து மூடிவிட்டு வந்தேன்.

அதனால் விடிந்ததிலிருந்து எங்கள் அறைப் பால்கனிதான் அவருக்கு. நாற்காலியைப் போட்டுக் கடலைப் பார்த்தபடி இருப்பார். எங்கள் பக்கத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து குடிப்பார்கள், அது கேலி உறவு. ஆனால் தங்கை கண்ணில் படும்படி அண்ணன் குடிக்கமாட்டான். தங்கை குடிப்பாள் என்பதோ யாருடைய நினைப்பிலும் கிடையாது. அவர் குளிக்கப் போகும் இடைவெளியில் இளங்கோவும் நானும் பல்விளக்கும் தம்ளரில் ஊற்றிக் குடித்தோம். நின்றபடி. அவசரமாக. கரையில் வெள்ளிக்கிழமை மாலைகளில் மெழுகுவத்தி ஏற்றிவைத்து ஒரு மணி நேரம் குடிக்கும் அதே வைன். பிறகு வாயில் கிராம்பு.

"என்ன பாப்பா, பல்வலியா? தினம் கிராம்பு வாசம் வருது" என்றார் அண்ணன்.

கல்யாண நாள் வந்தது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு பாட்டிலையாவது மேசையில் வைத்து, உட்கார்ந்து, மனிதர்களைப் போலக் குடிக்க வேண்டும் என்று இளங்கோ ஆசைப்பட்டார். எங்கள் பங்கு அறையில் தீர்ந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்தது அண்ணன் பேரில் இருந்தது. அண்ணன் வழக்கமாகச் சாயங்காலமே மேல்தளத்தில் சோறு தேடிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். அந்த நம்பிக்கையில் இளங்கோ பாட்டிலை முன்கூட்டியே பரிமாறுபவரிடம் கொடுத்துவைத்தார்.

அண்ணன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். "தங்கச்சி கல்யாண நாளுக்கு அண்ணன் பந்தியில இல்லாட்டி எப்படி?"

பரிமாறுபவர் ஆகுஸ். நடுவயது, இந்தோனேசியர், எதையும் தப்பில்லாமல் செய்கிற மனிதர். சீட்டில் இருந்த அறை எண்ணைப் பார்த்தார். அண்ணனிடம் போனார். பாட்டிலை இரு கையிலும் ஏந்திக் காட்டினார். தக்கையை உருவினார். அண்ணனுடைய கிளாஸில் ஒரு வாய் ஊற்றி, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நின்றார். பாட்டிலின் சொந்தக்காரர் சுவை பார்த்துத் தலையசைத்தால்தான் மற்றவர்களுக்கு ஊற்ற முடியும். அது அவர்கள் முறை.

அண்ணன் அந்த ஒரு வாயைப் பார்த்தார். மணிக்கட்டில் கயிறு, அதற்குப் பக்கத்தில் கிளாஸ். இசை ஏதோ போய்க்கொண்டிருந்தது. ஆகுஸ் புன்னகை மாறாமல் காத்திருந்தார். கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்திருப்பவனைத் திடீரென்று கூப்பிடக் கூடாது என்று நமக்குத் தெரியும் இல்லையா, அப்படி நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் கிளாஸைக் கையால் மூடினார். "அப்பறம்" என்றார் தமிழில்.

ஆகுஸுக்கு அது புரிந்துவிட்டது. எங்கள் கிளாஸ்கள் பக்கம் பாட்டிலைத் திருப்பினார். நானும் இளங்கோவும் ஒரே நேரத்தில் கையால் மூடினோம். அண்ணன் முன்னால் எப்படி? கல்யாண நாள் சாப்பாட்டை ஆரஞ்சுச் சாற்றோடு முடித்தோம். பாட்டிலைத் தக்கையிட்டு, எடுத்துப்போய் வைத்தார்கள். அண்ணன் அறை எண்ணோடு.

4

அதன்பின் ஒவ்வொரு மாலையும் அது வந்தது. நாங்கள் உட்கார்ந்ததும் ஆகுஸ் அதைக் கொண்டுவந்து அண்ணனின் வலது கைப் பக்கம் வைப்பார். "யுவர் வைன், சார்." அண்ணன் "அப்பறம்" என்பார். சாப்பிட்டு எழும்போது அது திரும்பிப் போகும். வேண்டாம், இனிக் கொண்டுவராதே என்று இளங்கோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பாட்டில் போய்விடும். காசு கொடுத்தது. நானும் சொல்லியிருக்கலாம். சொன்னால் யாருக்காக அது வந்தது என்று அண்ணன் கேட்பார். எங்கள் மரியாதை எல்லாம் சேர்ந்து அந்த பாட்டிலை அவர் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டிருந்தது.

பகலில் அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நுழைந்து கிடக்கும் அந்த நீரில் கப்பல் ஓசையில்லாமல் போனது. கறுத்த நீர். வண்டல் இல்லாத, நிறம் மாறாத, எங்கும் போகவேண்டிய அவசரம் இல்லாத நீர். எனக்கு அதைப் பார்க்க உள்ளங்கை குளிர்ந்தது. அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு தண்ணி கெடக்கு. ஒரு மடை கிடையாது பாரு" என்றார். மலை உச்சியிலிருந்து அருவிகள் விழுந்தன. "இத எல்லாம் யாரு மாப்ள தொறந்து உட்டது? இவனுங்களுக்குப் பக்கத்து மாநிலம் இல்லையா?" இளங்கோ சிரித்து இருமினார். என் மகள் யாழினிக்கு மட்டும் புரியவில்லை. அவளுக்கு விளக்கப்போய், அணை, நீதிமன்றம், ஜூன் மாதம் என்று எங்கெங்கோ போய், பாதியில் விட்டேன். அவள் போனைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழ் அவளுடையது. பாடப்புத்தகம் பேசுவதுபோல இருக்கும். அன்று மாலை பாட்டில் வந்ததும் அவள் கேட்டாள்: "மாமா, இந்த பாட்டில் ஏன் தினமும் வந்து போகிறது? யாரும் ஏன் குடிப்பதில்லை?"

"அது விருந்தாளிம்மா. வந்து பாத்துட்டுப் போகுது" என்றார் அண்ணன்.

அவள் சிரித்தாள். எட்டி பாட்டிலை எடுத்தாள். என் கிளாஸில் ஊற்றினாள். நான் கையால் மூடுவதற்குள் பாதி நிறைந்துவிட்டது. "அம்மா, நீ வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் வைன் குடிப்பாயே. இன்று வெள்ளிக்கிழமைதான்."

இளங்கோ ரொட்டியைப் பிய்த்தார்.

"வெள்ளிக்கிழமையா?" என்றார் அண்ணன்.

நான் தட்டையே பார்த்தேன்.

"நல்ல நாளாப் பாத்துத்தான் வச்சிருக்க." கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எத்தனை வருஷமா?"

"கொஞ்ச வருஷமாத்தான் அண்ணே. குளிருக்கு... ஒரு கிளாஸ்தான்."

"ஒரு கிளாஸ்தான்" என்றார், அந்த வார்த்தையை எடை பார்ப்பதுபோல. "உடம்புக்கு ஒண்ணும் பண்ணலல்ல?"

"உனக்கு அப்படி இல்ல அண்ணே. டாக்டர் சொன்னாருல்ல."

"தெரியும் பாப்பா. நான் என்னைப் பத்தியா கேட்டேன்?"

யாழினி என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எதையோ உடைத்துவிட்டோம் என்று தெரிந்தது அவளுக்கு. எது என்று தெரியவில்லை. "மன்னிக்கவும்" என்றாள். அண்ணன் அவள் தலையில் கைவைத்தார். "நீ ஒண்ணும் பண்ணலடி என் தங்கம். உங்கம்மாவுக்குப் பல்வலி இல்லன்னு தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான்."

என் கிளாஸ் அப்படியே இருந்தது. கடைசியில் ஆகுஸ் வந்து எடுத்துப்போனார்.

5

ஞாயிற்றுக்கிழமை. திரும்பும் வழி. கரை எந்தப் பக்கமும் தெரியாத நாள். நானும் அண்ணனும் பால்கனியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். வெயில் அடித்தது. சூரியன் இன்னும் உயரத்தில் இருந்தது. அண்ணன் கப்பலில் கொடுத்த பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி, சாதாரணமாக, "ஊர்ல விளக்கு வச்சிருப்பாங்க இந்நேரம்" என்றார்.

எனக்குப் புரிந்தது. கெடு நாளில் கோயிலில் மாலை விளக்கு ஏற்றியதும் கெடு முடிகிறது. அதுதான் பூசாரி கணக்கு.

"இங்க இன்னும் பொழுதே சாயல மச்சான்" என்று உள்ளேயிருந்து இளங்கோ குரல் கொடுத்தார். விளையாட்டாகச் சொல்லப் பார்த்தார். "கப்பல்ல கப்பல் நேரம்தான்."

"சத்தியம் அங்க பண்ணுனது மாப்ள. அங்க உள்ள பொழுதுதான்."

அப்போது என் போன் அடித்தது. அண்ணி. கப்பல் இணைப்பில் குரல் விட்டு விட்டு வந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் உடுக்கைச் சத்தம்.

"மாலதி, பூசாரிகிட்டதான் நிக்கிறேன். அவுங்ககிட்டக் கொடு. இன்னும் ரெண்டு வருஷம்னு வாயால சொல்லச் சொல்லு. போன்ல சொன்னாப் போதும்ங்கிறாரு பூசாரி. நான் என் கையில கட்டிக்கிறேன். அவுங்க வந்ததும் மாத்திக் கட்டிக்கலாம்."

நான் போனை நீட்டினேன். அண்ணன் வாங்கவில்லை. ஆனால் அண்ணி கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "அவ கையில கட்டுனா அவதான் குடிக்கக் கூடாது."

"கேட்டுச்சு" என்றார் அண்ணி. சிரிக்கவில்லை. "ரெண்டு வேணாம், ஒரு வருஷம்னாவது சொல்லச் சொல்லு மாலதி."

"அண்ணே."

"வந்து பேசிக்குவோம்னு சொல்லு."

"அண்ணே, ஒரு வார்த்தைதானே?"

"சத்தியத்த எல்லாம் போன்லயா பண்ணுவாங்க பாப்பா? சாமி என்ன கஸ்டமர் கேரா?"

இணைப்பு அறுந்தது. அண்ணி அன்று தன் கையில் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார் என்று பிறகு தெரிந்தது.

அண்ணன் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். மூன்று வருடம் வெயிலும் சேறும் பட்டு நிறம் போயிருந்தது கயிறு. முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார். கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்து, குழந்தைத் தோல்போல இருந்தது. "ஓடுற தண்ணியில விடணும்னு சொல்லுவாரு. கடல் ஓடுமா மாப்ள?"

இளங்கோ வெளியே வந்திருந்தார். "உள்ள நீரோட்டம் இருக்கு மச்சான்" என்றார், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாதவராக.

கம்பிக்கு வெளியே கையை நீட்டி விட்டார் அண்ணன். காற்று அதை வாங்கிப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. தண்ணீரில் விழுந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

6

அன்று இரவு கடைசிச் சாப்பாடு. காலையில் கரை இறங்க வேண்டும். பெட்டிகளை அப்போதே வெளியே வைத்தாகிவிட்டது. ஆகுஸ் வந்தார், வைத்தார். "லாஸ்ட் நைட், சார்."

"என்ன சொல்றாரு?" என்றார் அண்ணன்.

"இன்னைக்கு முடிக்கலன்னா அவ்வளவுதான்ங்கிறாரு" என்றார் இளங்கோ. சொன்ன பிறகுதான் முகம் மாறியது அவருக்கு.

"வீணாப் போகுமே மாப்ள."

"போகட்டும் மச்சான். சும்மாக் கொட்டட்டும்." இத்தனை வருடத்தில் இளங்கோ அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அந்த மேசையில் அந்த நேரத்தில் எதையும் கொட்டச் சொல்லி யாரையும் நம்பவைக்க முடியாது. களத்தில் சிந்திய நெல்லைக் குனிந்து பொறுக்கும் மனிதர் அண்ணன்.

பாட்டிலை அவரே எடுத்தார். முதலில் என் கிளாஸில் ஊற்றினார். எவ்வளவு கவனமாக ஊற்றினார். பிறகு தன்னுடையதில்.

"குடி பாப்பா. எனக்குப் பின்னாடி எதுக்குக் குடிக்கணும்? என் எதுக்கவே குடி."

"வேணாம் அண்ணே. நீயும் வேணாம். கையெடுத்துக் கும்புடுறேன்."

"கெடு முடிஞ்சிருச்சு. சாமிகிட்ட நான் சுத்தம். உங்கிட்டயும் இன்னைக்குச் சுத்தமாயிடுறேன்."

கிளாஸைக் கவிழ்த்துவைத்தேன். மேசை விரிப்பில் சிவப்பு பரவியது. ஆகுஸ் ஓடிவந்து வெள்ளைத் துணியால் அதை மூடினார். சிவப்பு அதிலும் ஊறி மேலே வந்தது. யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் குடித்தார். ஒரே கிளாஸ். மருந்து குடிப்பதுபோல, மூன்று வாயில். குடித்துவிட்டு நாக்கைச் சுழற்றிப் பார்த்தார். எதற்கோ காத்திருப்பதுபோல எங்களைப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே" என்றார். நிஜமான ஏமாற்றம் அந்தக் குரலில். "இதுக்கா மூணு வருஷம் பயந்தேன்?"

அவர் இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொள்ளவில்லை. எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ஆகுஸுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சன்னலில்லாத தன் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். நான் விடியும்வரை காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். வாந்தி வரும், வலி வரும், கதவைத் தட்டுவார் என்று. ஆஸ்பத்திரியை ஜெர்மன் மொழியில் எப்படிக் கேட்பது என்று, இருபத்தைந்து வருடமாகப் பேசும் மொழியை, மறந்துபோனவள்போலச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. காலையில் குளித்து, திருநீறு வைத்து, எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். முகம் தெளிவாக இருந்தது. "பாத்தியா? விடிஞ்சிருச்சு."

ஏதாவது நடந்திருக்கலாம். சின்னதாக, பயப்படும் அளவுக்கு மட்டும், ஏதாவது. இதை ஒரு தங்கை எழுதக் கூடாது. ஆனால் அண்ணன் அன்று கற்றுக்கொண்டது ஒன்றும் நடக்காது என்பதைத்தான். ஊரில் அவருக்குக் கிடைக்கப்போவது மோசல் ஆற்றங்கரை வைன் இல்லை.

7

இரண்டு நாள் கழித்து ஹாம்பர்க் விமான நிலையம். இளங்கோ காரை நிறுத்தப் போயிருந்தார். யாழினிக்கு வகுப்பு. அண்ணனும் நானும் மட்டும். அண்ணிக்குச் சாக்லேட், வயலில் வேலை செய்பவர்களுக்குச் சாக்லேட், பூசாரிக்குக்கூட ஒரு டப்பா வாங்கியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. இப்போது யோசித்தால், அது கோயிலுக்குப் போகும் ஆளின் சாக்லேட்டா, போகாமல் சமாதானம் செய்யும் ஆளின் சாக்லேட்டா என்று தெரியவில்லை.

வரிசை நகர்ந்தது. பெல்ட்டைக் கழற்றச் சொல்வார்கள், தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போடச் சொல்வார்கள் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். வரிசைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர் போகும் இடம் வந்ததும்தான் அதைச் சொல்ல எனக்கு வாய் வந்தது.

"அண்ணே, போனதும் மொதல்ல கோயிலுக்குப் போயிடு. ஒரு வருஷத்துக்காவது கட்டிக்க. அண்ணி கையில கெடக்குது அது."

அவர் நின்றார். பின்னால் வருபவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டு, பக்கத்தில் வந்து, சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போகும்போது செய்வதுபோல என் காதோரம் குனிந்தார்.

"உங்கண்ணிகிட்ட ஒண்ணும் சொல்லிக்காத பாப்பா" என்றார். "நானும் உன்னப் பத்தி ஊர்ல வாயத் தொறக்க மாட்டேன்."